பஞ்சில் ஏறிய நீலம்

மார்ச் 4
கர்ப்பப்பையை எடுத்து இருபத்தாறு நாள். பத்தாம் நாளிலிருந்து சிறுநீர் கசிகிறது. இருமினால், சிரித்தால் கசியலாம் என்கிறது மருத்துவக் கையேடு. எனக்குச் சும்மா படுத்திருந்தாலும் கசிகிறது. சிரிக்கக் காரணமும் இல்லை.

மார்ச் 19
வேலைக்குத் திரும்பினேன். நூலகத்தில் புத்தகம் கொடுக்கும் மேசையிலிருந்து என்னைப் பழைய செய்தித்தாள் அறைக்கு மாற்றினார்கள். “அங்க நல்ல காத்தோட்டம்மா” என்றார் தலைமை நூலகர். யாருக்கு என்று கேட்கவில்லை.

மார்ச் 21
தண்ணீர் குடிப்பதை நிறுத்தினேன். உள்ளே போகாதது வெளியே வராது என்று தர்க்கம். கசிவு நிற்கவில்லை. நாற்றமும் எரிச்சலும் கூடின.

மார்ச் 24
அறுவை செய்த மருத்துவர், “தசைத் தளர்ச்சிம்மா, பயிற்சி பண்ணுங்க” என்றார். பேசும்போதே அவர் நாற்காலி பின்னால் நகர்ந்தது. கணவர் கூடத்தில் படுக்கிறார். முதுகுவலியாம்.

மார்ச் 30
நாத்தனார் வந்தாள். “அண்ணி, வெக்கத்த வீட்ல வச்சிட்டுக் கிளம்புங்க.” வேறொரு மருத்துவரிடம் இழுத்துப் போனாள். அந்த அம்மா பிறப்புறுப்புக்குள் மூன்று பஞ்சு வைத்து, குழாய் வழியாகச் சிறுநீர்ப்பையில் நீல மருந்தை ஏற்றி, நடக்கச் சொன்னார். மேல் பஞ்சு நீலமாகிவிட்டது. பைக்கும் பிறப்புறுப்புக்கும் நடுவே ஓட்டை. ஃபிஸ்டுலா என்று பெயர். “ஆபரேஷன்ல பை காயப்பட்டா இப்படி ஆகும். உங்க தப்பில்ல. தண்ணிய மட்டும் நிறுத்தாதீங்க.”
அப்போதுதான் அழுதேன். எதுக்கு அழுதேன்? இத்தன நாளா என் தப்புன்னுதானே நினைச்சேன்—

மே 2
சின்ன ஓட்டை தானே மூடக்கூடும் என்று நான்கு வாரம் குழாய் வைத்துப் பார்த்தார்கள். மூடவில்லை. கணவரின் முதுகும் குணமாகவில்லை.

ஜூன் 12
புண் ஆறும்வரை காத்திருந்து, இன்று தைத்தார்கள். இன்னும் பதினான்கு நாள் குழாய்.

ஜூன் 15
விரிப்பை மணிக்கு நான்கு தடவை தடவிப் பார்க்கிறேன்.

ஜூன் 26
குழாயை எடுத்தார்கள். “எழுந்து நடங்கக்கா” என்றாள் செவிலி. மாட்டேன் என்றேன். நடக்காதவரை தையல் பிரிந்ததாகவும் இல்லை. “பயமா?” “இல்ல, சோம்பல்.” கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள்.

ஆகஸ்ட் 2
நாத்தனார் தன் எட்டு மாதக் குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு அடுக்களைக்குப் போனாள். திரும்பியபோது என் சேலை முழங்கால்வரை நனைந்திருந்தது. முகம் வெளுத்துப்போய், “அண்ணி...” என்றாள்.
குழந்தையைத் தூக்கிக் காட்டினேன்.
“நானில்லடி. இவ.”