கிழித்த சட்டை

12.1.1978, வியாழன். ஏற்காடு.

இரவுச் சாப்பாட்டைத் திருப்பி அனுப்பிவிட்டேன். என் மேலேயே எனக்கு வெறுப்பாக இருக்கிறது.

இன்று வெள்ளக்கடைப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் படப்பிடிப்பு. எனக்குக் கூலியாள் வேஷம். தைத்து வந்த சட்டை புதுசாகத் தெரிந்தது. நாடகக் காலத்திலிருந்தே எனக்கு எல்லாம் அசலாக இருக்க வேண்டும். நடிகனாக எனக்குக் கிடைத்த பெயரும் பட்டமும் அதற்குத்தான். வேடிக்கை பார்த்த கூட்டத்தில் எஸ்டேட் ஆள் அந்தோணி, வெளுத்த நீலச் சட்டையோடு நின்றார். அதுதான் வேண்டும் என்று நானே கைகாட்டினேன். மறுபேச்சில்லாமல் கழற்றிக் கொடுத்தார். போதாதென்று தோள்பட்டையைக் கிழித்து, சேற்றையும் பூசிக்கொண்டேன். முதல் டேக்கே ஓகே.

“அப்படியே கூலியாளா மாறிட்டீங்கண்ணே” என்று டைரக்டர் கட்டிக்கொண்டார்.

சாயங்காலம் வரை அந்தோணி பனியில் வெற்றுடம்போடு நின்றிருக்கிறார். நான் காரில் ஏறும்போது பக்கத்தில் வந்தார்.

“ஏனுங்க, சட்டை எப்பங்க கெடைக்கும்?”

படம் முடியும் வரை வேண்டும் என்றேன்.

“உங்களப் பாக்கோணும்னு நல்ல சட்டையாப் போட்டுட்டு வந்தனுங்க. ஞாயித்துக்கெழம பூசைக்குப் போடறதுங்க. ஊட்டுல வேற இல்லீங்க.”

புதுசு வாங்கித் தருவதாகச் சொன்னேன். “சரிங்க” என்று நகர்ந்துவிட்டார்.

சட்டை இப்போது என் அறையில், ஆணியில் தொங்குகிறது. சேறு படாத வலது கையில், கஞ்சி போட்டுத் தேய்த்த மடிப்பு இன்னும் கலையவில்லை. நாளைக்கு க்ளோசப். காலையில் அதையும் கசக்கிவிட வேண்டும்.