வீட்டில் முப்பத்தொன்று

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உடம்பைப் பொறுத்தவரை எல்லோரும் சுகம், மற்றதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். தினமும் போனில் பேசுகிற மனுஷன் எதற்காகக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். நம் வீடு உனக்குத் தெரியாததா, இரண்டே அறை, எந்த மூலையில் நின்று பேசினாலும் சின்னவள் காதில் விழும், உன் அம்மாவுக்கோ ஸ்பீக்கரில் போட்டால்தான் பேசின மாதிரி இருக்கும். அதனால் டிப்போவில், டைம் கீப்பர் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நடுநடுவே பஸ் வந்தால் எழுந்து போய் நேரம் பதிந்துவிட்டு வரவேண்டும், கோர்வையாக இல்லாவிட்டால் கோபித்துக்கொள்ளாதே. உன் கால் வீக்கம் வடிந்ததா? நர்சுக்கே கால் வீங்கினால் யாரிடம் போய்க் காட்டுவாள் என்று அம்மா புலம்புகிறாள். அவளுடைய முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, மாடிப்படி ஏறும்போதெல்லாம் என்னைத் திட்டுகிறாள், என்னவோ அந்தப் படியைக் கட்டியவனே நான்தான் என்பது போல.

போன வாரம் நீ ஒன்று கேட்டாய். "வீட்ல முப்பத்தஞ்சுக்கு முப்பத்தொண்ணு எடுக்கறவளுக்குப் பரீட்சையில மட்டும் என்னப்பா ஆகுது" என்று. சிக்னல் சரியில்லை என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. இப்போது பதில் எழுதுகிறேன், திட்டுவதானால் முழுவதும் படித்துவிட்டுத் திட்டு. சின்னவள் எழுதுகிற பேங்க் கிளார்க் பரீட்சையில் ரீசனிங் பகுதிக்கு இருபது நிமிடம், முப்பத்தைந்து கேள்வி. எல்லா நாற்காலிகளும் மேசைகள், சில மேசைகள் பறவைகள், அப்படியானால் சில நாற்காலிகள் பறவைகளா என்று கேட்பான். எட்டுப் பேர் வட்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள், பாதிப் பேர் உள்ளே பார்ப்பார்கள், பாதிப் பேர் வெளியே பார்ப்பார்கள், யாருக்கு இடப்பக்கம் யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். எட்டுப் பேர் உட்கார்ந்திருக்கிற இடத்தில் ஒருத்தராவது எழுந்து டீ போடமாட்டார்களா என்று உன் அம்மா கேட்பாள், நாங்கள் சிரிப்போம். சின்னவள் காலையில் ஆறு மணிக்கே, அச்சடித்த வினாத்தாளை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவாள், போனை அடுத்த அறையில் வைத்துவிடுவாள், கடிகாரம் பார்ப்பது என் வேலை. எங்கள் டிப்போவில் எனக்கு 'செகண்டு' என்று பட்டப்பெயர், முப்பது வருஷத்தில் எந்த டிரைவருக்கும் அரை நிமிடம் விட்டுக்கொடுத்ததில்லை. "எங்கப்பா டைம் பார்த்தா எக்ஸாம் ஹாலே வீட்டுக்கு வந்த மாதிரி" என்று தோழிகளிடம் பெருமையடிப்பாள்.

முதல் தடவை தோற்று வந்த மறுமாதம் அது, சரியாகச் சாப்பிடாமல் கிடந்தாள். அன்றைக்கு அந்த வட்ட மேசைக் கணக்கில் ஏழு பேரை உட்கார வைத்துவிட்டாள், ஒருத்தர் பாக்கி. இருபது நிமிடம் முடிந்துவிட்டது. பேனா ஓடிக்கொண்டே இருக்கிறது. போதும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லையம்மா. அவள் எட்டாவது ஆளை உட்கார வைத்து, இன்னும் இரண்டு மூன்று கேள்வியும் போட்ட பிறகுதான் 'டைம்' என்றேன், இருபத்து மூன்று நிமிடம் ஆகியிருந்தது. அதுவரை இருபதைத் தாண்டாதவள் அன்றைக்கு இருபத்தாறு எடுத்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு முகம் மலர்ந்து, இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். நாளையிலிருந்து கண்டிப்பாக இருக்கலாம் என்று நினைத்தேன். அந்த நாளை வரவே இல்லை. இரண்டு வருஷமாகத் தினமும் மூன்று நிமிடம். முப்பத்தொன்று வந்தது அப்படித்தான்.

இதனால் என்ன வினை வந்தது என்று கேள். ஞாயிற்றுக்கிழமைகளில் பயிற்சி மையத்தில் கம்ப்யூட்டரில் எழுதுவாள், அது இருபதாவது நிமிடம் தானாக மூடிக்கொள்ளும், அங்கே இருபத்தொன்று, இருபத்திரண்டுதான் வரும். வீட்டில் வருகிறது, வெளியே வரவில்லை என்றால் அது அறிவுக் குறை இல்லை, பயம்தான் என்று அங்கே சொல்லித்தருகிற சார் முடிவு கட்டிவிட்டார். மேலும் இரண்டு பரீட்சை அதே மாதிரி போயிற்று. "நாலு பேர் நடுவுல உக்காந்தா எனக்கு மூளை நின்னுடுதுப்பா" என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் சார் சொன்ன டாக்டரிடம் போய்ப் பதற்றத்துக்கு மாத்திரை வாங்கி வந்தாள். எட்டு மாதமாக அதை விழுங்கிவிட்டு மத்தியானமெல்லாம் தூங்கி வழிகிறாள். இத்தனையும் பார்த்துக்கொண்டு நான் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தேன். இந்த வருஷத்தோடு அவளுக்கு வயது வரம்பு முடிகிறது, இதுதான் கடைசித் தடவை, இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. பயம் பிடித்துப் போய், போன மாதத்திலிருந்து அவளுக்குத் தெரியாமல் அரை அரை நிமிடமாக நேரத்தைக் குறைத்துக்கொண்டே வந்தேன், பழகிவிடுவாள் என்று ஒரு நப்பாசை. முப்பத்தொன்று இருபத்தெட்டு ஆயிற்று, பிறகு இருபத்தைந்து. திங்கட்கிழமை பேனாவை வைத்துவிட்டு, "அந்த பயம் இப்ப வீட்லயும் வந்துடுச்சுப்பா, மாத்திரையை ரெண்டா போட்டுக்கட்டுமா" என்று கேட்டாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

கத்துவாள் என்று நினைத்தேன். வினாத்தாளைக் கிழித்து என் முகத்தில் எறிந்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அதை நான்காக மடித்து வைத்துவிட்டு, "அப்போ எனக்கு வியாதி ஒண்ணும் இல்லையாப்பா" என்று கேட்டாள். ஒன்றும் இல்லை, நீ நன்றாக இருக்கிறாய், தப்பெல்லாம் என்னுடையது என்று அவசர அவசரமாகச் சொன்னேன். அதைக் கேட்டுத் தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகு, "அப்போ எனக்கு வர்றதே இவ்வளவுதான்" என்றாள். பெரியவளே, அந்தப் பெண் எட்டு மாதமாக அந்த பயத்தைப் பிடித்துக்கொண்டுதான் நின்றிருந்தாள், அதையும் நான் பிடுங்கிக்கொண்டேன். இப்போது போனை எதிரில் வைத்து அவளே நேரம் பார்த்துக்கொள்கிறாள். இருபத்தொன்று, இருபத்திரண்டு, மறுபடி இருபத்தொன்று. தேறுகிறவர்கள் எல்லாம் முப்பதைத் தொடுகிறார்கள், மிச்சமிருக்கிற நாளில் அது நடக்காது என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். இருந்தும் ஆறு மணிக்கு எழுந்து உட்கார்ந்துவிடுகிறாள். என்னிடம் முகம் கொடுத்துத்தான் பேசுகிறாள், டீ வேண்டுமா என்றுகூடக் கேட்கிறாள். அம்மாவுக்கு எதுவும் தெரியாது, அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள், வேலை முடிந்து வந்ததும் காலைத் தூக்கி வைத்துப் படு, மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். இரண்டு பேரும் நோய் நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தங்கையிடம் பேசும்போது எத்தனை எடுத்தாய் என்று கேட்காதே. வேறு எதை வேண்டுமானாலும் பேசு, என்னைத் திட்டு, அவளும் சேர்ந்து திட்டினால் நல்லது. 'எல்லாம் வந்துடும்' என்று மட்டும் சொல்லிவிடாதே, நீ சொன்னால் அவள் நம்பிவிடுவாள்.

இப்படிக்கு,
உன் அப்பா