சுவரில் மாட்டிய ரோஜா

ரமழான் நோன்பு இருபது, செவ்வாய்.

முதலாளி கொழும்பில் ஏதோ பயிற்சிக்குப் போய் வந்ததிலிருந்து எங்கள் புடவைக் கடை ஒரு குடும்பம். அப்படி எழுதி வாசலில் ஒட்டியவன் நான்தான். முகாமையாளருக்கு அதுவும் வேலை. சொல்லாமல் வராமல் நின்றால் வேலை போகும் என்ற அறிவித்தலையும் நான்தான் ஒட்டினேன், அதற்குக் கீழேயே.

இன்று மாதத்தின் சிறந்த ஊழியருக்குப் படம் மாட்டினோம். தெரிவானவர் சாரிப் பகுதி பரீதா. தன் முகத்தைச் சுவரில் தொங்கவிட அவர் சம்மதிக்கவில்லை. ஆகவே ஒரு ரோஜாப் படம், கீழே அவர் பெயர். முதலாளி பூவுக்குக் கைதட்டினார். நாங்களும் தட்டினோம்.

அது ஓய்ந்ததும் பரீதா என் மேசைக்கு வந்தார்.

"சேர், நாளைக்கு உம்மாட கண் ஒப்பரேசன். ஒரு நாள் லீவு தாங்க."

"பெருநாள் முடியுமட்டும் ஆருக்கும் லீவு இல்ல புள்ள."

"குடும்பமெண்டு ஒட்டியிருக்கீங்க. எந்தக் குடும்பத்தில சேர் உம்மாவப் பாக்க லீவு கேக்கிற?"

முதலாளியிடம் கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னேன். கேட்கவில்லை. அவர் கைதட்டிய சந்தோஷத்தில் இருந்தார். எனக்கும் மூன்று பிள்ளைகள்.

கடை பூட்டும்போது பரீதா அபாயாவைச் சரிசெய்தபடி சொன்னார்:

"நாளைக்கு நான் வரமாட்டன் சேர். பூ இரிக்குதானே, அதச் சாரி காட்டச் சொல்லுங்க."

நாளை வரவுப் புத்தகம் என் கையில்தான். பரீதாவுக்கு வரவு போட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். முதலாளி கேட்டால் சுவரைக் காட்டலாம். விடிய முன் ஸஹர் சாப்பாட்டுக்கு எழும்ப வேண்டும்.