அடித்துத் திருத்திய வரி

இன்று காலை பக்கத்து மேசையில் யாரோ ஒயிட்னர் குப்பியைத் திறந்தார்கள். அந்த நெடி மூக்கில் ஏறியதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பதிவேட்டுப் பக்கத்துல அது வரவே கூடாது, மூடுங்க!" என்று கத்திவிட்டேன். ஒரகடத்தில் விமான உதிரிப்பாகம் செய்யும் கம்பெனி இது. இங்கே எனக்குச் சிடுமூஞ்சி என்று பெயர். இருக்கட்டும். உன்னை இவர்களுக்குத் தெரியாது, மச்சான்.

தொண்ணூற்றொன்றில் நாம் இருவரும் ஸ்ரீபெரும்புதூரில் பஸ் பிடித்து மீனம்பாக்கம் போவோம். சின்ன விமானங்களைப் பழுது பார்க்கும் கொட்டகை. நான் வெறும் மெக்கானிக். வேலை சரியாக முடிந்தது என்று கையெழுத்துப் போடுகிற உரிமை உனக்குத்தான்.

அரசாங்க ஆய்வாளர் வரப்போகிறார் என்றதும் நம் மேனேஜர் பராமரிப்புப் பதிவேட்டைப் புரட்டினார். எண்ணெய்க் கறை, அடித்தல், திருத்தல். "என்னய்யா இது, பஜ்ஜி மடிச்ச பேப்பர் மாதிரி? அழகா ஃபேர் காப்பி எடுங்க" என்றார். டைப்பிஸ்ட் அம்மா முத்து முத்தாக எழுதிக் கொடுத்தார். உன் கையெழுத்துதான் பாக்கி.

நீ போடவில்லை.

"சக்கர போல்ட்ட மொதல்ல தப்பா முடுக்கிட்டேன் சார். அப்புறம் அவுத்து மாட்டுனேன். அந்த அடிச்ச வரியப் பாத்தாதான் அடுத்து வர்றவன் அதத் தொட்டுப் பாப்பான். இந்த புக்ல அந்த வரியே காணோமே?"

"கையெழுத்துப் போடுறியா, வேலைய விட்டுப் போறியா?"

நீ பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டாய். வேறு வழியில்லாமல் பழைய பதிவேட்டையே ஆய்வாளர் முன் வைத்தார்கள். அவர் அந்த வரியில் விரல் வைத்துப் படித்தார், நேரே போய் போல்ட்டைப் பார்த்தார், ஒரு குறையும் சொல்லாமல் ஒப்புக்கொண்டு கிளம்பினார். மறு வாரமே உன்னை அந்த வேலையிலிருந்து எடுத்து ஸ்டோரில் டயர் அடுக்கப் போட்டார்களே, என்ன அநியாயம் அது! பஸ்ஸில் நான் பொருமிக்கொண்டு வந்தேன். நீயோ, "வுடு மச்சான், பிளேன் நல்லா பறக்குது இல்ல?" என்று சிரித்தாய். உனக்கு வரவேண்டிய கோபமும் எனக்கே வந்து சேர்ந்தது. கொஞ்ச நாளில் வேலையை விட்டாய். கடைசிவரை ஊரில் பம்பு செட் பழுது பார்த்தே காலத்தை ஓட்டினாய்.

நீ போன அன்று அந்த மேனேஜர் மாலையோடு வந்தார். உன் மனைவியிடம், "நல்ல மனுஷன். கொஞ்சம் அனுசரிச்சுப் போயிருந்தா எங்கயோ போயிருப்பான்" என்றார்.

"அவன் எங்கயும் போவல சார். அந்த பிளேன்ல ஏறுனவங்கல்லாம் வூடு போய்ச் சேந்தாங்க" என்றேன். கூட்டம் திரும்பிப் பார்த்தது.

உன் மனைவி என் கையைப் பிடித்தாள். "வுடுண்ணா, சாவு வூட்ல எதுக்குச் சண்ட?"

அவளுக்காக வாயை மூடிக்கொண்டேன். ஆனால் விட்டுவிட நான் நீ இல்லையே, மச்சான். இன்னும் விடவில்லை.