பூட்டோடு பேசும் வீட்டுக்காரர்

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

மேடையில் நீ கதவைப் பூட்டிவிட்டு, இரண்டு எட்டு நடந்து, திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்த்தாயே, அதைத்தான் நான் முதலில் கவனித்தேன். அப்புறம் குனிந்து பூட்டிடம், "நான் பூட்டிட்டேன். நீயே பாத்த. அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது" என்றாய். அரங்கமே அதிர்ந்தது. பக்கத்திலிருந்த அம்மாள் சிரித்துச் சிரித்து என் தோளிலேயே சாய்ந்துவிட்டார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஒட்டுமீசையும் துணி வைத்த தொப்பையுமாக நீ நின்றாலும், அது நம் அப்பா இல்லையா, அக்கா?

நீ அனுப்பிய டிக்கெட்டைப் பொத்தான் டப்பாவில் ஒளித்து வைத்திருந்து, நூல் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு வந்தேன். அத்தனை பழைய, அத்தனை பெரிய கட்டடத்துக்குள் நான் போனதே இல்லை. கூரையெல்லாம் பொன்வண்ணம் உரிந்து கிடக்கிறது. எனக்குக் கிடைத்த இடம் மாடியில் ஒரு தூணுக்குப் பின்னால். அசைந்தால் நாற்காலி கத்துகிறது. எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களே என்று ஆடாமல் உட்கார்ந்திருந்தேன். முடிந்ததும் உள்ளே வரச் சொல்லியிருந்தாய். வாசல்காரர் "யாரும்மா வேணும்?" என்றார். "யாரும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு ஓடிவந்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நேற்று நம் தையல் கடைக்குக் கோட்டு அளவு கொடுக்க வந்த வக்கீல், "உங்க பெரிய பொண்ணு சிரிக்க வெச்சே கொன்னுட்டா மாஸ்டர்!" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். நாடகம்தான் வேண்டும் என்று நீ கடையை விட்டுப் போனதிலிருந்து உன் பேச்சையே எடுக்காதவர், கத்தரியைக் கீழே வைத்தார். "அப்படி என்னத்த சிரிக்க வெக்கிறாளாம்? ரெண்டு டிக்கெட் வாங்கு. பாத்துட்டுத்தான் வருவோமே" என்கிறார்.

இத்தனை பேரும் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று தெரிந்தால், இனி உன் முகத்தில் விழிப்பாரா? நான் என்ன செய்யட்டும்?

உன் தங்கை

பிப்ரவரி 13

என் செல்லக் காஜாவுக்கு,

சட்டைப் பொத்தான் துளைக்குக் காஜா எடுத்து எடுத்து உனக்கு அதுவே பேராகிவிட்டது. நீ முறைத்தாலும் மாற்ற மாட்டேன்.

"ஒரு பொண்ணு வந்துச்சு, யாரும் வேணாம்னு சொல்லிட்டு ஓடிடுச்சு" என்று வாசல்காரர் வந்து சொன்னதுமே நீதான் என்று தெரிந்துவிட்டது. ஒட்டுமீசையோடு தெருமுனை வரை ஓடிவந்து பார்த்தேன். நீ போய்விட்டிருந்தாய்.

கேலி செய்ய வேண்டுமென்று செய்யவில்லையடி. ஒத்திகையில் எனக்கு ஆம்பிளை மாதிரி நடக்கவே வரவில்லை. இயக்குநர் தலையில் அடித்துக்கொண்டார். ஒரு நாள் என் கை தானாகப் போய்ப் பூட்டை இழுத்தது. வாயும் தானாகப் பேசியது. "அதான்! அத மட்டும் விட்டுடாத!" என்று கத்தினார். யாருடையது என்று நான் சொல்லவில்லை. தினமும் அந்த இடம் வரும்போது அப்பா என்னோடு நிற்கிற மாதிரி இருக்கும்.

அவர் பாதியில் எழுந்து போய்விட்டால் எனக்கு அடுத்த வசனம் வாயில் வராது. என்றைக்கு வருகிறீர்கள் என்று எழுது. அன்று மட்டும் பூட்டை எடுத்துவிடுகிறேன். நாடகம் கொஞ்சம் சப்பென்று இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும்.

நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா?

அக்கா

பிப்ரவரி 22

அன்புள்ள அக்காவுக்கு,

என்னை நீ எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள். நேற்று வந்திருந்தோம். முன்கூட்டியே எழுதத்தான் உட்கார்ந்தேன். அப்பா உன்னைப் பார்க்க வருகிற நாளில் நீ சப்பென்று நடித்தால் எனக்குப் பொறுக்காது. அதனால் எழுதவில்லை.

கீழே, கடைசி வரிசையில் இருந்தோம். அப்பா முதலில் உடுப்புகளைத்தான் பார்த்தார். "அந்தக் கோட்டுக்குத் தோள் வெச்சது உங்கக்காதான். வேற யாருக்கும் இப்படி உக்காராது" என்றார். நீ பூட்டைக் கையில் எடுத்ததும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். அரங்கம் சிரித்தது. பக்கத்து நாற்காலி குலுங்கியது. எழுந்துவிட்டார் என்றே நினைத்தேன். கண்ணைத் திறந்தால், அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். கண்ணெல்லாம் தண்ணீர். என் காதோடு, "அடிப்பாவி, உங்க பெரியப்பாவ அப்படியே உரிச்சு வெச்சிருக்காளே!" என்றார்.

பெரியப்பாவாம்! அவரும் பூட்டை இழுத்துப் பார்ப்பவர்தான். ஆனால் பூட்டோடு பேசுகிறவர் யார் என்று நமக்குத் தெரியாதா? உதட்டைக் கடித்துப் பார்த்தேன், முடியவில்லை. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

வெளியே வந்ததும், "உள்ள போய் அக்காவப் பாக்கலாமாப்பா?" என்றேன். அவர் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். "இன்னிக்கு வேணாம். அடுத்த சனிக்கிழமை எங்கண்ணனையும் கூட்டிட்டு வருவோம். எம் பொண்ணு நடிக்கறத அவரும் பாக்கட்டும். முடிஞ்சதும் மூணு பேருமாப் போய் அவள வீட்டுக்குக் கூப்பிடுவோம்" என்றார்.

'எம் பொண்ணு' என்றார், அக்கா. அவர் வாயிலிருந்து வந்ததை அப்படியே எழுதியிருக்கிறேன்.

பெரியப்பா வந்தால் இது யார் என்று ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார். கண்டுபிடித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்கிற ஆளும் இல்லை. அதற்குப் பிறகு அப்பா உள்ளே வருவாரா, நேராக வீட்டுக்கு நடப்பாரா, எனக்குத் தெரியாது. இருந்தாலும் நீ பூட்டை எடுத்துவிடாதே. அப்பா திரும்ப வருவதே அதைப் பார்க்கத்தான்.

டிக்கெட் ஜன்னலில் வரிசை நீளமாக இருந்தது. அப்பாவைப் படியில் உட்கார வைத்துவிட்டு, நானே போய் நின்று, சனிக்கிழமைக்கு மூன்று டிக்கெட் கேட்டேன்.

காஜா