எதிர்ச் சுவர் ஸ்விட்ச்

அன்புள்ள அம்மாவுக்கு,

பெரியவன் எழுதுறேன். நான் நல்லா இருக்கேன். உன் முட்டிவலி தேவலையா?

இன்னிக்கு ஆபீஸ்ல ஒரு கூத்து. நான் எழுதின கம்ப்யூட்டர் ஸ்கிரிப்ட், ஓடும்போதே தன்னை மாதிரி ஒரு பிள்ளையைப் பெத்துக்கும். அந்தப் பிள்ளை ஃபைலையெல்லாம் எண்ணி முடிச்சும், தாய்கிட்ட கணக்கு பூஜ்யத்துலயே நின்னுச்சு. பிரியும்போதே கணக்கு ஆளுக்கொரு நகல் ஆயிடும். நடுவுல பொதுவா ஒரு இடம் வச்சாதான் ஒருத்தர் மாத்தினது மத்தவருக்குத் தெரியும். அதைக் கோட்டை விட்டுட்டேன். மேனேஜர் சிரிச்சதோட சரி.

அப்புறம் ஜன்னல்ல மழையைப் பார்த்துக்கிட்டே மனசாலேயே நம்ம வீட்டுக்குள்ள நடந்தேன். கூடத்து லைட்டைக் கை தானா பழைய இடத்துலயே போட்டுச்சு. அப்பதான் தங்கச்சி போன்ல சொன்னது ஞாபகம் வந்தது: ஸ்விட்சை எதிர்ச் சுவருக்கு மாத்திட்டீங்களாமே?

இனிமே ஒரு ஆணியை மாத்தினாலும் எழுதிப் போடு. மேனேஜர் கூப்பிடுறார். வர்ற அன்னிக்கு நம்ம வீட்லயே நான் சுவரைத் தடவிக்கிட்டு நிக்கக் கூடாதும்மா.

உன் பெரியவன்