உன் மகள் சொன்ன ஊர்

நேற்று பழைய கணினியிலிருந்த குரல்பதிவுகளைப் புதியதற்கு மாற்றிக்கொண்டிருந்தேன். ஒரு பதிவில் நீ பலமாகத் தும்மி, "அல்ஹம்துலில்லாஹ்" என்றாய். பிறகு எதிரே இருந்த மூதாட்டியிடம், "நீங்க சொல்லுங்க உம்மா" என்றாய். நீ இல்லாமல் இரண்டாவது நோன்பும் வந்து போய்விட்டது, மச்சான். தும்மல் மட்டும் அப்படியே இருக்கிறது.

யுத்தம் முடிந்து சில வருடங்களில் தொடங்கிய வேலை அது. ஒரே பாடசாலையில் நீ வரலாறு படிப்பித்தாய், நான் கணினி. நான் கற்பிட்டியிலேயே பிறந்தவன். நீ தொண்ணூறில் மன்னார் முஸ்லிம்கள் எல்லோரும் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, சிறுவனாக வள்ளத்தில் இங்கே கண்டக்குழிக் கரைக்கு வந்தவன். உன்னைப்போல் வந்தவர்களின் நினைவுகளை வீடு வீடாகப் போய்ப் பதிந்தோம்.

"எங்கட சனம் இன்னும் ஊருக்குத்தான் ஏங்குது. ஒண்ட கணினி அத எண்ணிக் காட்டட்டும். மலர்ல போடுவோம்" என்றாய். வெளியேற்றத்தின் ஆண்டு நினைவு மலரைத்தான் சொன்னாய்.

பதிவுகளை எழுத்தாக்கி, 'ஊர்' என்ற சொல் வரும் இடங்களையெல்லாம் கணினியால் திரட்டி, பேசியவர்களின் வயதுப்படி பிரித்தேன். பெரியவர்கள் ஊர் என்றபோது பனையும் குளமும் பூட்டிவிட்டு வந்த வீடும் கூடவே வந்தன. இங்கே பிறந்தவர்கள் ஊர் என்றபோது களப்பும் வெங்காயத் தோட்டமும் வந்தன. அவர்களில் உன் மகளும் ஒருத்தி. அவளுடைய பதிவைப் போட்டேன்.

"எங்கட ஊர் கண்டக்குழி. மன்னார் வாப்பாட ஊர்."

நீ எழுந்து போய் வேலியோரம் நின்றாய். திரும்பி வந்து, "இன்னொருக்கா போடு" என்றாய். கேட்டு முடித்ததும், "அவ பொய் சொல்லல்லடா" என்றாய், மெதுவாக.

மலர்க்குழுத் தலைவர் பிள்ளைகளின் பகுதியை எடுத்துவிடச் சொன்னார். "இதக் காட்டினா, இவங்களுக்குத் திரும்பிப் போக விருப்பமில்ல எண்டு எங்கட காணிய வேற ஆக்களுக்குக் குடுத்துருவாங்க." அவர் பயத்தில் நியாயம் இருந்தது. உன் உம்மாவின் காணியும் மன்னாரில் காடாகிக் கிடந்தது.

"காணி எங்கடதான், ஹாஜியார். அத உடச் சொல்லல்ல," என்றாய் நீ. "ஆனா பிள்ளையள்ட வாயப் பொத்திப்போட்டு எழுதினா அது வரலாறு இல்ல, மனு."

மலர் எல்லாக் குரல்களோடும் வந்தது. சிலர் பள்ளிவாசலில் உனக்கு ஸலாம் சொல்வதையே நிறுத்தினார்கள். உன் மகளோ அதை முழுக்க வாசித்துவிட்டு, "அந்தக் குளத்த எனக்குக் காட்டுங்க வாப்பா" என்றாள். அதுவரை நீ எத்தனை தரம் கூப்பிட்டும் வராதவள். நீங்கள் இருவரும் பஸ்ஸில் மன்னாருக்குப் போய்வந்த அன்று உன் முகத்தைப் பார்த்தேன். அவ்வளவு இலேசாக அதை நான் கண்டதில்லை.

நீ மௌத்தானபோது, மன்னாரில் மீளக் குடியேறிய உன் தம்பி ஜனாஸாவை அங்கே கொண்டுபோய் அடக்கக் கேட்டார். உன் உம்மா, "மகள் இரிக்கிற ஊர்லயே இரிக்கட்டும்" என்றார். 'ஊர்' என்று அவர் இந்த இடத்தைச் சொல்லி அன்றுதான் கேட்டேன்.

நான் இன்னும் குரல்களைப் பதிந்துகொண்டுதான் இருக்கிறேன். எது உங்கள் ஊர் என்று கேட்டதும் சிலர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். முன்பென்றால் அந்த இடைவெளியை வெட்டிவிடுவேன். இப்போது வெட்டுவதில்லை. அதையும் ஒரு பதிலாகவே சேர்த்துக்கொள்கிறேன்.